உறுமல் என்று போடவும்

நிமிடத்துக்கு இருபத்திரண்டு ரூபாய்.
பன்னிரண்டாம் எபிசோடில் கறுப்புக் கவசக்காரன்
பத்தொன்பது நிமிடம் வருகிறான்,
ஒரு வார்த்தை பேசுவதில்லை.
அதற்கும் காசு உண்டா என்று கேட்டிருந்தேன்.
உண்டு, உறுமல் என்று போடவும் என்றார்கள்.

பகலில் நண்டுக் கம்பெனி.
கால் முறித்து, ஓடு நீக்கி,
வெள்ளைச் சதையை நார் பிரியாமல் எடுத்து
டப்பாவில் அடுக்க வேண்டும்.
கவசத்துக்குள் இருப்பது எவ்வளவு மெத்தென்று
என் விரல்களைக் கேட்டால் சொல்லும்.
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடையோடு
இரவில் லேப்டாப்பைத் திறக்கிறேன்.
ஐஸ் பேக்டரி ஜெனரேட்டர் நின்றால்
தென்கடல் கேட்கும்.

கவசக்காரன் பெயர் ஓர்வேன். வடக்கு வாசலின் காவலன்.
எட்டாம் எபிசோடு வரை நன்றாகத்தான் பேசினான்.
சத்தியம் என்றும் மானம் என்றும்
அடித்து அடித்து எனக்குக் கை கடுத்தது.
ஒன்பதில் அரசன் ஆள் அனுப்புகிறான்: கதவை மூடு.
வெளியே இன்னும் சனம் இருக்கிறது.
மூடினான்.
பத்தில் தலைக்கவசத்தின் தாழ் துருவேறி இறுகிவிட்டது.
அப்புறம் எதிரி, தோழன், மரம், மழை,
எது எதிரே வந்தாலும் வெட்டு.

கஸ்பார் அண்ணன் இந்தப் படமெல்லாம் பார்த்ததில்லை.
போன வாடைக்காலத்திலிருந்து
ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.
குளித்தாலும் அதோடு.
கோயிலில் நன்மை வாங்க வந்தாலும் அதோடு.
தையல் விட்டு, உப்புப் பூத்து,
விலாவில் நுரைப்பஞ்சு பிதுங்குகிறது.
கழற்றிவிடப் போன ஏட்டையாவுக்கு முன்பல் போயிற்று.
பாதி ராத்திரியில் துடுப்பைத் தூக்கிக்கொண்டு
குந்துகால் மணலில் இறங்குவார்.
அலை வர வர அடிப்பார்.
ஒன்றைக்கூட விடமாட்டார்.

விசைப்படகு ஓட்டியவர். படகு அவருடையது இல்லை.
எஞ்சின் பழுதான வல்லமொன்றைக் கயிற்றில் கட்டி
இழுத்து வந்துகொண்டிருந்தார்.
அதில் ஐந்து பேர்; ஒருவர் அவருடைய மச்சான் தொபியாஸ்.
தூரத்தில் ரோந்து வெளிச்சம்.
முதலாளி வயர்லெஸ்ஸில் சொன்னது ஒரே சொல்.
அறு.
மீதியை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.
நாலு பேர் கரை ஒதுங்கினார்கள், உயிரில்லாமல்.
படகு எண்பது லட்சம்.

நேற்று ஒரு மணி இருக்கும்.
சேற்றில் ஓர்வேன் சுழன்றுகொண்டிருக்கிறான்.
உறுமல். உறுமல். உறுமல்.
நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனேன்.
ஜெனரேட்டர் நின்றது.
ஒண்ணு, என்றது ஒரு குரல்.
இயர்போனுக்குள் என்றுதான் நினைத்தேன்.
ரெண்டு.
காதிலிருந்து பிடுங்கினேன்.
மூணு.
துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம்.
நாலு.
பிறகு ஒன்றுமில்லை.
ஓர் அலை அடிபடாமல் வந்து திரும்பிப் போனது.
மறுபடி,
ஒண்ணு.

ஒன்பதாம் எபிசோடைத் திறந்தேன்.
கதவு மூடுகிற இடத்தில் நிறுத்தி
வெளியே நிற்பவர்களை எண்ணினேன்.
ஏழு பேர். கடைசியில் ஒரு பையன், கையில் ஆட்டுக்குட்டி.
பன்னிரண்டுக்குத் திரும்பினேன்.
ஆறு உறுமல், ஓர் இடைவெளி.
ஆறு உறுமல், ஓர் இடைவெளி.
எங்கோ உட்கார்ந்து வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லா உறுமலையும் அழித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஆறு வரை போட்டேன், திரும்பத் திரும்ப.
இடைவெளியில் எதுவும் போடவில்லை.
நாலு மணிக்கு அனுப்பிவிட்டு ஜன்னலருகே வந்தேன்.
ஆரஞ்சுப் புள்ளி இன்னும் கரையிலேயே இருந்தது.
அஞ்சு, என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
ஜெனரேட்டர் திரும்ப ஓடத் தொடங்கியது.

கம்பெனியில் நண்டு வெந்துகொண்டிருந்தபோது பதில் வந்தது.
மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.
உறுமல் என்று போடவும்.

கையைக் கழுவிவிட்டுப் போட்டேன்.
நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.
பதின்மூன்றாம் எபிசோடு இன்னும் வந்துசேரவில்லை,
அட்வான்ஸ் வந்துவிட்டது.